எதிர்க்கூண்டு

சண்முகவடிவு அந்த வாத்தைப் பார்த்த மறுகணமே தொலைநோக்கியைத் திருப்பிவிட்டாள்.

குளத்தின் மேற்கு மூலையில், சேறும் தண்ணீரும் சேருமிடத்தில், கூட்டத்தை விட்டு விலகி அது ஒற்றையாகக் கிடந்தது. வரித்தலை வாத்து. குளிர்காலத்துக்கு இமயத்தைத் தாண்டி வருகிற சாதி. கழுத்தை நிமிர்த்தாமல் சேற்றின்மேல் போட்டிருந்தது, யாரோ அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன கயிறு மாதிரி. அவள் கண்ணாடியை மெல்ல நகர்த்திப் பூநாரைகளிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். பூநாரைகளை எண்ணினாள். முடித்ததும், சரியாக எண்ணவில்லையோ என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

தூங்குகிறது என்று சொல்லிக்கொண்டாள். மார்கழி வெயிலுக்கு எந்த வாத்தும் கண்ணயரும். ஆனால் தூங்குகிற வாத்து கழுத்தைப் பின்னால் மடித்து அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொள்ளும். சேற்றில் போடாது. இத்தனை குளிர்காலம் கரைமேல் இந்தப் பார்வைக்கூண்டில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாமலில்லை.

சற்று நேரத்தில் மேசைமேல் இருந்த சிவப்பு விளக்கு துடிக்கத் தொடங்கியது.

வெள்ளோடைக்குளத்தில் அந்த விளக்கு துடித்தால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொக்குக் காய்ச்சல் முதல் தடவை வந்துபோன பிறகு நீர்நிலை ஒவ்வொன்றிலும் மிதவைகளை விட்டிருந்தார்கள். தண்ணீரில் கலக்கும் எச்சத்தையும் பறவைகளின் சத்தத்தில் வரும் மாறுதலையும் அவை மோப்பம் பிடிக்கும். ஆனால் மிதவைகள் அவசரக்காரர்கள். அவற்றை மட்டும் நம்பி, செத்த மீனுக்கும் சாக்கடைத் தண்ணீருக்கும்கூடக் குளம் குளமாக வெள்ளை அடித்தார்கள். வெள்ளை அடிப்பது என்று ஊரார் சொல்வது, ட்ரோன்கள் வந்து தூவிவிட்டுப் போகும் புகையை. புகை கலைந்தால் குளத்தில் ஒரு சிறகு அசையாது. அக்கம்பக்கத்து வீடுகளில் வளரும் கோழிக்கும் வாத்துக்கும் அதே கதிதான்.

ஜனங்கள் கொதித்தெழுந்ததில் சட்டம் மாறியது. மிதவை சொன்னால் மட்டும் போதாது, இரண்டு மனிதர்கள் தனித்தனியே கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் குளத்துக்குக் குளம் இரண்டு பார்வைக்கூண்டுகள், இரண்டு தன்னார்வலர்கள். இவளுடையது கிழக்குக் கரையில். இன்னொன்று நேர் எதிரே, தண்ணீரைத் தாண்டி. அதில் இருப்பவர் யாரென்று இவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. முன்பு ஓர் ஊரில் இரண்டு கூண்டுக்காரர்களும் கலந்து பேசிக்கொண்டு நோயை மறைத்துவிட்டார்கள். அங்கிருந்துதான் இரண்டாம் தடவை காய்ச்சல் புறப்பட்டது. அந்த ஊர்ச் சந்தைக்கு வாடகைக்கு வண்டி ஓட்டிப் போய்வந்த தளவாய், பொங்கலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தான்.

தளவாய் வடிவின் புருஷன். அடுத்த குளிர்காலம் அவள் தையல்கடையை அரைநாள் சாத்திவிட்டுக் கூண்டுக்கு வரத் தொடங்கினாள்.

விளக்குக்குக் கீழே திரையில் வழக்கமான கேள்வி வந்திருந்தது. மேற்கு மூலையில் நோய்க்குறி உள்ள பறவையைப் பார்த்தீர்களா? பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். பார்த்தேன். பார்க்கவில்லை. இரண்டு கூண்டும் பார்த்தேன் என்றால் வெள்ளை. இரண்டும் பார்க்கவில்லை என்றால் விளக்கு அணையும், அவ்வளவுதான். ஒன்று அப்படியும் ஒன்று இப்படியும் சொன்னால் மட்டும் விளக்கு மஞ்சளாகும். மருத்துவர் கவச உறை போட்டுக்கொண்டு வந்து பறவையைத் தொட்டுப் பார்த்து ரத்தம் எடுப்பார். சூரியன் அடைவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பார்த்தேன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அவள் மறுபடி கண்ணாடியை மேற்கே திருப்பினாள். இந்த முறை நகர்த்தவில்லை. வாத்தின் கண் திறந்திருந்தது. சிறகு ஒருபக்கம் சரிந்திருந்தது. காய்ச்சல் கண்ட பறவை தலையை ஆட்டும், குடிகாரன்போல் ஒரே இடத்தில் சுற்றும். இது ஆடவுமில்லை, சுற்றவுமில்லை. துவண்டு கிடந்தது. அழுகினதைத் தின்று விஷமேறினாலும் இப்படித்தான் துவளும். இரண்டில் எது என்பதைக் கையால் தொடாமல் சொல்ல முடியாது. விளக்கு துடிக்கும்போது தண்ணீரில் கால் வைத்தால் ஜெயில்.

குளங்களைக் கண்காணிக்கும் வாரியத்தின் அலுவலர் ஜெபசிங்கைப் போனில் கூப்பிட்டாள். நாசரேத் பக்கத்துப் பையன், வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். விளக்கு துடிக்கும்போது தன்னோடு பேசுவதே தப்பு என்று முதலில் சொன்னான், பிறகு காதுகொடுத்தான். அவள் தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னாள். மருத்துவரை அனுப்பச் சொன்னாள்.

"ரெண்டு பதிலும் வேற வேறயா வந்தாத்தான் அக்கா அனுப்ப முடியும்."

"முன்னால சந்தேகம்னு ஒரு பொத்தான் இருந்துச்சே தம்பி."

"எடுத்துட்டாவ. எல்லா ஊர்லயும் எல்லாரும் அதையே அமுக்கினா, வாரியம் என்னத்த முடிவெடுக்கும்? நீங்க பாத்ததைச் சொல்லுங்க, அவ்வளவுதான். எதிர்க்கூண்டுல ஒரு ஆளு இருக்குல்லா."

கடைசி வாக்கியத்தை அவன் கொஞ்சம் வேகமாகச் சொன்னதாக அவளுக்குப் பட்டது.

ஊர் முனைக் கம்பத்திலும் விளக்கு துடித்திருக்கவேண்டும். கூண்டுக்குப் பின்னால், விளக்கு துடித்தால் ஆள் நெருங்காமலிருக்கக் கட்டும் கயிற்றுக்கு அப்பால், கரைமேல் மாரிச்செல்வி வந்து நின்றுகொண்டிருந்தாள். தளவாயின் தங்கை. மறுகால் ஓடையோரம் வாத்துப்பட்டி போட்டிருந்தாள். அந்த வாத்துகள்தான் அவளுடைய சோறு, துணி, பிள்ளையின் காலேஜ் படிப்பு எல்லாம். காலையில் வடிவு கூண்டுக்கு வரும்போதுகூட, வடதேசத்து விருந்தாளிகளுக்கு மதினி இன்னைக்கு என்ன சமையல் என்று கேலி பேசியவள். இப்போது கையில் வாத்துக்கம்போடு வாயைத் திறக்காமல் நின்றாள். கூண்டுக்காரியிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் பதில் செல்லாது, நேரே வெள்ளைதான். அதனால் செல்வி வெறுமனே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வசவே தேவலை என்றிருந்தது வடிவுக்கு.

அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள்.

அந்தக் கூண்டில் இருப்பவரை அவள் ஒரு பெண்ணாகவே நினைத்து வைத்திருந்தாள். போன குளிர்காலம் ஒருநாள் பனி மூட்டத்தில் அங்கே சிவப்பாக ஏதோ அசைந்தது, சேலைத் தலைப்பு என்று முடிவுகட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளோடு மனசுக்குள் பேசுவது வழக்கமாயிற்று. கிளுவைகள் இறங்கிவிட்டன பார்த்தாயா, இன்றைக்குக் கூழைக்கடா பிந்திவிட்டதே என்று. தளவாய் போன பிறகு யாரிடமும் சொல்லாததையெல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சொன்னாள். போன வருஷம் ஊசிவால் வாத்து ஒன்றுக்காக விளக்கு துடித்தபோது, பார்க்கவில்லை என்று அமுக்கிவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைந்தது. அவளும் அதையேதான் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்ததும் வந்த நிம்மதியை, தளவாய் இருந்த காலத்தில் ராத்திரி அவன் சைக்கிள் சத்தம் கேட்டதும் வந்த நிம்மதியோடுதான் ஒப்பிட முடியும்.

இன்றைக்கு நிம்மதி போதாது. இன்றைக்கு அவர்கள் இருவரும் ஒத்துப்போகவே கூடாது. ஒருத்தி அப்படியும் ஒருத்தி இப்படியும் சொன்னால்தான் ஒரு மனிதக் கை அந்தக் கழுத்தைத் தொடும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று அவளையே போய்க் கேட்டுவிட்டு, மாற்றிச் சொல்லவேண்டியது.

சட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. தளவாயைக் கொன்ற குற்றமும் அதுதான். வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு, செல்வி நிற்கும் பக்கத்தை விட்டு, தாழம்புதர் மறைவில் வடகரையைச் சுற்றி நடந்தாள். நடக்க நடக்க, அவளிடம் முதலில் என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்பதுதான் கவலையாக இருந்தது. சாப்பிட்டாச்சா என்று கேட்கலாமா? இத்தனை நாள் பேசிய ஒருத்தியிடம் அறிமுகம் சொல்லிக்கொள்வது எப்படி?

எதிர்க்கூண்டின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள்.

உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு நாற்காலிமேல் மடித்துப் போட்ட கோணி, தூசி படிந்து. கூரையிலிருந்து கிழிந்து தொங்கிய சிவப்புத் தார்ப்பாய்த் துண்டு காற்றில் ஆடியது. ஜன்னல் இடுக்கில் உள்ளங்கை அளவு ஒரு கண்ணாடி வில்லை குளத்தைப் பார்த்துப் பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு வயர் சுவரோடு இறங்கி ஒரு சின்னப் பெட்டிக்குள் போனது. பெட்டியில் பச்சையாக ஒரு புள்ளி. அங்கே மனித வாடையே இல்லை.

அவள் வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று ஜெபசிங்கைக் கூப்பிட்டு, எங்கே நின்று பேசுகிறாள் என்பதை மட்டும் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா ஆளில்லை அக்கா. யாரு வாரா? பழி ஏத்துக்கிடுத வேலைக்கு. ஆளில்லைன்னா குளத்தையே பறவைக் காப்பகக் கணக்குலேர்ந்து எடுத்துருவாங்க. வாரியம்தான் நிழல் வச்சுக்கிடச் சொல்லிச்சு."

நிழல் என்றால் என்ன என்று கேட்டாள். அவன் விளக்கினான். ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் அவளுக்குப் பயிற்சிப் படங்கள் காட்டுவார்களே, அந்தப் பதில்களெல்லாம் அதற்குள் இருக்கின்றன. கூண்டில் அவளுடைய தொலைநோக்கித் தாங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது, எதன்மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்பதெல்லாமும் இருக்கிறது. அந்த வில்லை பார்ப்பதை அவள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அதை அது சொல்லும்.

"எதுக்கு என்னை வச்சுச் செஞ்சீங்க?"

"உங்களவிட நம்பகமான ஆளு யாரு இருக்கா?" அவன் நிஜமாகவே பாராட்டாகத்தான் சொன்னான். "சட்டம் ரெண்டு சாட்சின்னுதான் சொல்லுது. ரெண்டும் வேற வேற ஆளுன்னு எழுதலை."

நிழல் இன்றைக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டாள். விளக்கு துடித்தபோதே சொல்லிவிட்டது, ஆனால் மூடிய பதில், தனக்கே தெரியாது என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

திரும்பி நடக்கையில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவமானம்தான் வந்தது. போன வருஷம் அந்த ஊசிவால் வாத்துக்காக விளக்கு அணைந்தபோது கண்ணீர் விட்டு நன்றி சொன்னது யாருக்கு? இரண்டு குளிர்காலமாகத் தண்ணீரைத் தாண்டி அவள் பேசிய பேச்செல்லாம் அவளிடமே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் குளத்துக்கு இரண்டு கண் இருக்கிறது என்று ஊரே நம்பித் தூங்கிக்கொண்டிருக்க, இருந்தது ஒன்றுதான். அதுவும் தன்னைத்தானே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்து தண்ணீரில் செம்மண் நிறம் ஏறியிருந்தது. செல்வி அதே இடத்தில் நின்றாள். வாத்தும் அதே இடத்தில் கிடந்தது.

மருத்துவர் வரவேண்டுமானால் நிழல் சொன்னதற்கு மாற்றிச் சொல்லவேண்டும். நிழல் சொன்னது, ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் இவள் என்ன சொல்லியிருப்பாளோ அது. ஆகவே கேள்வி வாத்தைப் பற்றியதாக இல்லாமல் போய்விட்டது. வடிவு, நீ யார்?

தையல்காரிக்கு அடுத்தவர் உடம்பை அளக்கத் தெரியும். தன் தோள் அகலத்தைத் தானே நாடா போட்டு அளக்க முடிவதில்லை.

ஊரைக் கேட்டால் உடனே சொல்வார்கள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், துளி சந்தேகம் வந்தாலும் பார்த்தேன் என்றுதான் அமுக்குவாள். செல்வியும் அதைத்தான் சொல்வாள். பயிற்சிப் படங்களில் அவள் அப்படித்தான் சொல்லியும் வந்தாள். ஒரு சிறகு கோணலாக இருந்தால் போதும், பார்த்தேன். ஜெபசிங்கின் ஆட்கள் சபாஷ் போடுவார்கள். அப்படியானால் நிழல் பார்த்தேன் என்று சொல்லியிருக்கும். இவள் பார்க்கவில்லை என்று அமுக்கவேண்டும்.

விரல் அந்தப் பொத்தான்வரை போனது.

ஆனால் படத்தில் இருக்கும் வாத்து சாவதில்லை. படத்தில் இருக்கும் குளத்துக்குப் பக்கத்தில் செல்வி நிற்பதில்லை. அங்கே கண்டிப்பாக இருப்பதில் என்ன செலவு? போன வருஷம் உயிருள்ள வாத்து வந்தபோது என்ன அமுக்கினாய்? அது வேறு, அதற்கு ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்தது என்று பதில் சொல்லிக்கொண்டாள். தெரிந்ததா, தெரிந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தாயா?

தளவாயின் கடைசி நாட்கள் நினைவுக்கு வந்தன. முதல் நாள் அவன் இருமியபோது அடுப்படியிலிருந்து கேட்டாள். கேட்டதும் மிக்ஸியைப் போட்டாள். தேங்காய் முன்பே அரைபட்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க அன்றைக்கு எந்தத் தாங்கியும் இல்லை. ஆனால் இன்று காலை தாங்கி இருந்தது. கழுத்து சேற்றில் கிடந்ததைக் கண்ணாடி பார்த்தது, அடுத்த நொடியே பூநாரைகளிடம் போனது, பூநாரைகளை இரண்டு தடவை எண்ணியது. அவள் யோசித்து எடுத்த முடிவெல்லாம் இதற்குப் பிந்தியவை. அந்த நொடியில் யோசனையே இல்லை. யோசனை இல்லாதபோது கழுத்து எந்தப் பக்கம் திரும்பியதோ, அதுதான் அவள்.

நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பேன்.

அப்படியானால் நிழலும் அதையேதான் சொல்லியிருக்கும், இப்போது பார்த்தேன் என்று அமுக்கவேண்டும். கணக்கு தப்பினால், நிழல் ஊரார் நினைக்கிற வடிவாக இருந்தால், இரண்டு பார்த்தேன்களும் சேர்ந்துவிடும். இருட்டுவதற்குள் ட்ரோன்கள் வரும். பூநாரை, கிளுவை, நாமக்கோழி, மறுகால் ஓடையில் செல்வியின் பட்டி, எல்லாம். தன்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொள்ள ஒரு கடைசி வாய்ப்பு இருந்தது. நான் நேர்மையானவள், நிழலும் நேர்மையானது, ஆகவே மாற்றிச் சொல்கிறேன் என்று பார்க்கவில்லையை அமுக்கலாம். அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை வைத்தே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது.

திரும்பிச் செல்வியைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்பதை அமுக்கினாள்.

விளக்கு துடிப்பதை நிறுத்திச் சிவப்பாக நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கம்பத்து விளக்கும் அப்படியே நின்றிருக்கவேண்டும், பின்னால் கரையில் கம்பு கீழே விழும் சத்தம் கேட்டது. தண்ணீரில் கிளுவைகள் ஒன்றோடொன்று கிசுகிசுத்தபடி இரவுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தன. மேற்கே எங்கோ ஓர் இயந்திரத்தின் இரைச்சல் வருகிறதா, வண்டா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

பிறகு சிவப்பு கரைந்து மஞ்சளானது.

வடிவு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். குளம் பிழைத்தது. தன்னைப் பற்றி அவள் போட்ட கணக்கு சரியாகிவிட்டது. இந்த இரண்டில் எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மருத்துவர் வந்தார், தொட்டார், ரத்தம் எடுத்துப் போனார். மறுநாள் மாலை முடிவு வந்தது. காய்ச்சல் இல்லை. மேற்கு மூலைப் பள்ளத்தில் மீன் செத்து அழுகி, அந்த விஷம். குழாய்வழியாக நல்ல தண்ணீர் புகட்டியதில் வாத்து கழுத்தைத் தூக்கி மருத்துவர் கையைக் கொத்தியதாம். இதைச் சொன்ன ஜெபசிங் இன்னொன்றும் சொன்னான். அவளுடைய நேற்றைய பதிலும் நிழலுக்குள் போய்விட்டது. அடுத்த முறை இந்த உபாயம் அதற்கும் தெரிந்திருக்கும்.

கயிறு அவிழ்த்த அன்று காலை செல்வி கரைமேல் வழிமறித்தாள். கையில் தூக்குச்சட்டி.

"நீதானே மதினி பாத்தேன்னு அமுக்கினே?"

"ஆமா."

"தெரியும். அண்ணன் போனதுலருந்து ஒனக்கு உலகமே நோயாத்தான் தெரியுது. அங்கன ஒரு புண்ணியவதி பாக்கலைன்னு சொல்லப்போயி என் வாத்து பொழைச்சுது." தூக்குச்சட்டியை உயர்த்திக் காட்டினாள். வாத்துமுட்டைக் குழம்பும் சோறும். "இது அவளுக்கு. நீ மோந்துகூடப் பாக்கப்படாது."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. வசவும் வாழ்த்தும் ஒரே விலாசத்துக்கு வந்து சேருவதை வாழ்க்கையில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? வா, காட்டுதேன் என்று நடந்தாள். சட்டம் என்று செல்வி தயங்கினாள், பிறகு குழம்பு ஆறிவிடும் என்று பின்னாலேயே வந்தாள்.

எதிர்க்கூண்டுக்குள் செல்வி குளவிக்கூட்டையும் வில்லையையும் பச்சைப் புள்ளியையும் மாறிமாறிப் பார்த்தாள். வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவில்லை. பூநாரைகளை எண்ணியதையும் சொன்னாள், மிக்ஸி போட்டதையும் சொன்னாள். அண்ணன் பெயர் வந்த இடத்தில் செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு தார்ப்பாயைப் பார்த்தாள். அப்புறம் கோணியை உதறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்தப் புண்ணியவதியும் நீதான். நெசமா நீ சொல்லியிருக்கக்கூடியது பாக்கலைங்கிறதுதான்."

"ஆமாட்டி."

செல்வி எழுந்து வில்லைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து இடுக்குவழியே எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள்.

"ஏ மதினி, இங்கேருந்து மேக்கு மூலை எங்க தெரியுது? புல்லுல்லா நிக்கி."

வடிவு குனிந்து பார்த்தாள். கூண்டுக்கு முன்னால் கோரை ஆளுயரம் வளர்ந்து நின்றது. பூநாரைகள் தெரிந்தன, நடுக்குளம் தெரிந்தது. மேற்கு மூலை இருக்கவேண்டிய இடத்தில் பச்சைதான் இருந்தது. குளிர்காலத் தொடக்கத்தில் அவரவர் கூண்டுக்கு முன்னால் கோரை அறுப்பது அவரவர் வேலை. இங்கே அறுக்க ஆளில்லை. நிழலுக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது.

அது எதையும் பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்று அது சொன்னது வெறும் உண்மை.

அப்படியானால் அவள் போட்ட கணக்கு? கோரை மட்டும் இல்லாமலிருந்தால் அது என்ன சொல்லியிருக்கும்? கண்ணைத் திருப்பிக்கொண்டவளின் பதிலா, படங்களுக்கு முன்னால் கண்டிப்பாக இருந்தவளின் பதிலா? இந்தக் குளம் இன்று வெள்ளையாகக் கிடந்திருக்குமா? இனி யாருக்கும் தெரியாது. தன்னைத் தெரிந்துகொண்டோம் என்று இரண்டு நாள் அழுதது, கோரைக்கு முன்னால் நின்று அழுத அழுகையாகிவிட்டது. அதில் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலை நம்ப இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

"புல்லு கெடக்கட்டும்" என்றாள் செல்வி. வாத்துக்காரியின் மூளை வேகமாக வேலை செய்தது. "அது எந்நாளும் பாக்கலைன்னுதான் சொல்லும். நீ எப்பப் பாத்தேன்னு சொன்னாலும் டாக்டரு வருவாரு. வெள்ளை அடிக்கவே மாட்டாவ. நல்லதுதானே?"

"நான் கண்ணைத் திருப்பிக்கிட்டா?"

செல்வி பச்சைப் புள்ளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆளு வந்து உக்காந்தா இந்தப் பெட்டியை எடுத்துருவாங்க. நீ வந்து உக்காரு செல்வி."

"நானா? எவ்வளவு சீக்கு வந்தாலும் நான் பாக்கலைன்னுதான் சொல்லுவேன். எனக்கு என் வாத்துதான் பெருசு."

"சொல்லிக்கோ. ஆனா பாத்துட்டுச் சொல்லு. பாக்காமச் சொல்லாதே."

பட்டிக்குத் தழை அறுக்கச் செல்வி இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் அரிவாளுக்கு வடிவு கையை நீட்டினாள். செல்வி யோசித்தாள். சட்டியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். பிறகு அரிவாளை உருவிக் கொடுத்தாள், கைப்பிடிப் பக்கமாக.

தண்ணீர் முழங்காலுக்குச் சில்லென்று இருந்தது. வடிவு குனிந்து பிடி பிடியாக அறுத்துக் கரையில் எறிந்தாள். ஓர் உள்ளான் கத்திக்கொண்டு எழுந்து பறந்தது. கோரை விலக விலகத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. கூண்டின் இடுக்கில் செல்வியின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"மதினி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இப்பத் தெரியுது."

வடிவு அரிவாளை நிறுத்தினாள். என்ன தெரிகிறது என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது.

கேட்கவில்லை. இனி அதை அவள் கேட்கக்கூடாது.